மிச்சம் வைக்காத சித்தி

“கையைச் சுட்டுக்கிட்ட பிள்ளை நீ. ஏழு பிள்ளைக கையை நீ எப்படிக் காப்பாத்துவ?”

மார்கழி பிறந்த அன்று அம்மா இப்படிக் கேட்டாள். அண்ணன் மகளுக்கு ஆறு வயது ஆகிறது. வரும் தையில் அவளுக்கு முதல் சிறுவீடு. தெருவில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அடுப்பு, விறகடுப்பு, அவர்களே பொங்கட்டும் என்று சொன்னேன். அம்மா பீடித்தட்டிலிருந்து நிமிர்ந்து என் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல்வரை அங்கே ஒரு தழும்பு உண்டு. வெயிலில் நின்றால் அந்த இடம் மட்டும் கறுக்காது.

சிறுவீடு எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் பண்டிகை. மார்கழி முழுக்க விடியும்முன் வாசல் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவோம். வெயில் ஏறியதும் பூவையும் சாணியையும் சேர்த்து வட்டமாகத் தட்டிக் காயப்போடுவோம். தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் முற்றத்தில் களிமண்ணால் சாண் உயரத்துக்கு ஒரு வீடு எழும்பும். வாசல் இருக்கும், உள்ளே இரண்டு அறை இருக்கும். அதன் முன்னால் பிள்ளைகள் சின்னப் பானையில் பொங்கல் வைப்பார்கள். அந்தப் பொங்கலையும் காய்ந்த பூந்தட்டைகளையும் இலையில் ஏந்திச் சாயங்காலம் தாமிரபரணியில் விடுவார்கள். அன்று ஒருநாள் பெரியவர்கள் விருந்தாளிகள். சமைப்பதும் பரிமாறுவதும் பிள்ளைகள்.

எங்கள் தெருவில் இப்போது அம்மாக்கள் கேஸ் அடுப்பில் பொங்கி இறக்கிவிடுகிறார்கள். பிள்ளை பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். அப்படி ஆனதற்குக் காரணம் நான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா அப்படிக் கேட்டதும் எனக்கு எதிர்வீட்டுச் சித்தியின் முகம்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மென்றுகொண்டிருக்கும் முகம்.

உறவு முறையில் அவள் எங்களுக்குச் சித்தி இல்லை. தெருவுக்கே சித்தி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நெட்டையான உருவம், முன்பல்லில் ஓர் இடைவெளி. வயலிலிருந்து வந்து கால் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் சேறு மிஞ்சியிருக்கும். இரண்டு மகன்கள் இருந்தார்கள், இருவரும் அப்போது திருப்பூரில் பனியன் வேலை. தெருவில் ஒரு வீட்டில் காதுகுத்து, சடங்கு, புதுவீடு புகுதல் என்று எது நடந்தாலும் பெரிய அடுப்புக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் சித்தி. யாரும் அவளை நியமிக்கவில்லை. சித்தி வந்து முற்றத்தின் ஓரத்தில் உட்காருவாள், அவ்வளவுதான். சமையல்காரர் “ஏலே, அங்கிட்டுப் போங்கலே” என்று விரட்டிவிட்ட பிள்ளைகளெல்லாம் பைய வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

அவள் எங்களைச் சும்மா விட மாட்டாள். மொச்சை உரிக்கக் கொடுப்பாள். கொழுக்கட்டை பிடிக்க மாவு கொடுப்பாள். எங்கள் விரல் தடம் பதிந்து, ஒன்று யானைபோல் ஒன்று எலிபோல் இருக்கும் அந்தக் கொழுக்கட்டைகள் தனிச்சட்டியில் வேகும். முதல் பந்தி எங்களுக்கு. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தாலும் சரி, தலைவர் ஒருவர் வருகிறார் என்று வாசலில் பரபரப்பு இருந்தாலும் சரி. இலையை நாலாகக் கிழித்துப் போடுவாள். சிறிய பிள்ளைக்குப் பெரிய இலை போட்டால் அதைப் பார்த்தே பசி ஓடிவிடும் என்பாள்.

பரிமாறும்போது மற்றவர்கள் “இன்னும் வேணுமா?” என்று கேட்பார்கள். சித்தி, “இதுல எது பிடிக்கல?” என்று கேட்பாள். முதலில் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். பிறகு ஒன்று பீட்ரூட் என்று சொல்லும். இன்னொன்று ரசம் என்று சொல்லும். சித்தி திட்டவே மாட்டாள். பிடிக்காததை அந்த இலையிலிருந்து தானே எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். “பொய் சொல்லிட்டுத் தின்னா உடம்புல ஒட்டாதுட்டி” என்பாள். அவள் அடிக்கடி சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

சிறுவீட்டுப் பொங்கல் அன்று தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள்தான் முதல் விருந்தாளி. ஒவ்வொரு பானையின் முன்னும் சம்மணம் போட்டு உட்காருவாள். பிள்ளை அள்ளி வைத்ததை ஒரு வாய் எடுப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பனையோலைப் புகை தெருவின் மேல் படுதாபோல் நிற்கும். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். எங்கோ வாய்க்காலில் யாரோ துணி துவைப்பது கேட்கும். நாங்கள் மூச்சு விடாமல் அவள் இமையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு கண்ணைத் திறந்து உள்ளதைச் சொல்வாள்.

எனக்கு ஏழு வயதில் முதல் சிறுவீடு. அப்பா ஒரு கரண்டி தின்றுவிட்டுத் “தேனா இருக்கு” என்றார். அம்மா ஒரு கரண்டி தின்றுவிட்டு என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். சித்தி கண்ணைத் திறந்தாள்.

“அடிப்பிடிச்சிருக்குட்டி. வெல்லமும் பத்தல.”

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிப்போய் அழுதேன். அழுது முடித்து எட்டிப் பார்த்தால் சித்தி இன்னும் அங்கேயே இருந்தாள். பானை முழுவதையும் தின்று, அடியில் கறுத்துக் கிடந்ததை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தேன் என்று சொன்னவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டியோடு எழுந்து போயிருந்தார்கள். அந்த வித்தியாசம் அன்றே எனக்குப் புரிந்ததாகச் சொன்னால் அது பொய். ஆனால் அடுத்த வருடம் பானைக்கு அடியில் தீயைக் குறைக்கத் தெரிந்திருந்தது.

தெருவில் ஒரு காதுகுத்து விருந்தில் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு வைத்தோம். ஆளுக்கு ஒரு சாமான் போட வேண்டும். பன்னிரண்டு வயது அண்ணன் எல்லாரையும் மிஞ்சுவதற்காக இரண்டு கை வெந்தயத்தை அள்ளிக் கொட்டினான். சித்தி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். நெற்றி சுருங்கியது.

“என்ன சித்தி, எப்படி இருக்கு?” என்றான் அண்ணன்.

“மருந்துக்கடைக்காரன் கெட்டாம்லே. கசக்கு.”

“அப்பம் கீழ கொட்டிருவமா?”

“கொட்டுவியா? கையை ஒடிச்சிருவேன். பிள்ளைக வச்ச சோறு அது.”

இரண்டு செம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டே முழு இலையையும் தின்று முடித்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் நாக்கை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்துச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. இன்றும் அவன் வெந்தயம் போடும்போது எண்ணிப் போடுவதாக மதினி கேலி செய்வாள்.

என் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக்கூடப் பள்ளிக்கூடம் நிலைக்காத எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பிலேயே பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை என்று தெருவுக்கே வாசித்துச் சொன்னேன். அதில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது, இப்போதும் குறையவில்லை. டீச்சர் எல்லா நோட்டிலும் சிவப்பு மையில் ‘நன்று’ போடுவார். நான் அதை வீடு வீடாகக் காட்டுவேன். சித்திக்கு ஓர் எழுத்துத் தெரியாது. நோட்டைத் தூரத்தில் பிடித்து, நாற்று வரிசையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

“மேல நேராப் போவுது. கீழ வரவரக் கோணிட்டு. அவசரப்பட்டியோ?”

அவசரப்பட்டிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பில் வந்தது என் நாலாவது சிறுவீடு. ஏழு பிள்ளைகள், ஏழு அடுப்பு. மூன்று செங்கல் வைத்து வரிசையாக சித்தியே போட்டுக் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல் அரிசிமாவால் ஒவ்வோர் அடுப்பைச் சுற்றியும் ஒரு வட்டம் வரைந்தாள். அது கோலம் இல்லை, எல்லை. “கோட்டுக்கு உள்ள குச்சி போலாம், கை போப்பிடாது” என்று பாடம்போல் எங்களைச் சொல்லவைத்தாள். முழ நீளத்துக்கு நறுக்கிய பனைமட்டைகளை ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மட்டையை உள்ளே தள்ளலாம். நீளக் கைபிடி போட்ட கொட்டாங்கச்சி அகப்பையால் கிண்டலாம். பானையை இறக்குவது அவள் வேலை. அத்தனை வருடங்களில் ஒரு பிள்ளைக்கும் ஒரு பொட்டுக் கொப்புளம் வந்ததில்லை.

பானை பொங்கி வழிய வேண்டும். வழியும்போது எல்லாரும் குலவையிட வேண்டும். முதல் பானை பொங்கியது, குலவை. இரண்டாவது, மூன்றாவது. என் மட்டை எப்படியோ நனைந்திருந்தது. புகைந்ததே தவிர எரியவில்லை. நாலாவது குலவை. ஐந்தாவது. வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளை நான், என் பானையில் தண்ணீர் அசையாமல் மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது பானை பொங்கியபோது எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சித்தியும் அதை இறக்குவதற்குக் குனிந்தாள். அதற்குள் என் அடுப்பும் கொஞ்சம் பிடித்து, பானை முக்கால் கொதிக்கு வந்திருந்தது. இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் தானாகப் பொங்கியிருக்கும்.

நான் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்த டம்ளரில் தண்ணீரை மொண்டேன். மேலே ஊற்றினால் வழியும், வழிந்தால் பொங்கியதாக ஆகும், குலவையிடுவார்கள். கோட்டைத் தாண்டிக் கை நீட்டினேன். டம்ளரின் விளிம்பு பானைக் கழுத்தில் இடித்தது. பானை என் பக்கம் சாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்ததுபோல் இருக்கிறது. சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு குடத்தண்ணீரில் கையை முக்கினாள். வெள்ளைக்கோடு ஓரிடத்தில் அழிந்து, அதன் மேல் பாதி வெந்த அரிசி சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவில் டம்ளர் உருண்டுகொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலால் டம்ளரை அடுப்புக்குப் பின்னால் பைய ஒதுக்கினாள்.

அம்மா ஓடிவந்தாள். “என்ன ஆச்சு? எப்படிட்டி ஆச்சு?”

என் வாய் திறக்கவில்லை.

“நாந்தான் இறக்கச் சொன்னேன். ஆறாவது பானையில நின்னுட்டேன். என் மேலதான் தப்பு” என்றாள் சித்தி.

அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. “எங்க வம்சத்துல எழுதுத கை இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் கொண்டுபோய் அடுப்புல வச்சிட்டியேளா! நீயெல்லாம் பிள்ளைக பக்கம் வராத. வராத!”

சித்தி என்னை விடவில்லை. அப்பா சைக்கிளை எடுத்து வரும்வரை என் கையை ஈரத்துணியில் தாங்கிப் பிடித்திருந்தாள். பிறகு சாய்ந்து கிடந்த என் பானையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள். தெரு முழுவதும் அவளை வைதுகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, சைக்கிள் கேரியரில் அம்மா மடியில் இருந்த என்னிடம் சொன்னாள்.

“அரிசி வேகல. தண்ணி கூடிட்டு, பிள்ளே.”

என்ன நெஞ்சழுத்தம் பார் இவளுக்கு என்றார்கள். அவள் எந்தத் தண்ணீரைச் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. வளைவு திரும்பும்வரை பார்த்தேன், தின்றுகொண்டுதான் இருந்தாள்.

மூன்று மாதம் பென்சில் பிடிக்க முடியவில்லை. பிறகு பிடித்தேன். எழுத்து முன்பைவிட நேராக வந்தது. கல்லூரிக்குப் பாளையங்கோட்டை போனேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன். இப்போது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். யாராவது கையைப் பார்த்துக் கேட்டால், “சின்ன வயசில் பொங்கல் பானை சாய்ந்துவிட்டது” என்பேன். அந்த வாக்கியத்தில் சாய்த்தவள் இல்லை.

அடுத்த வருடம் தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை. பெண்கள் பிள்ளைகளை சித்தியின் பக்கம் விடவில்லை. என் சடங்குக்கு அவள் வந்தாள். முற்றத்து ஓரத்தில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பாத்திரம் அடுக்கி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். பிள்ளைகளின் பந்தி அன்று கடைசியில் போட்டார்கள், பெரிய பெரிய இலையில். யாரும் எது பிடிக்கவில்லை என்று கேட்கவில்லை. பாதிச் சோறு இலையோடு மாட்டுக்குப் போயிற்று. பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் நீள வளையல்கள் போட்டுத் தழும்பை மறைத்திருந்தார்கள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் அவளுடைய மூத்த மகன் ராதாபுரம் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். சித்தி அவனோடு போய்விட்டாள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு.

மார்கழி முழுக்க அம்மாவின் கேள்வி எனக்குள் கிடந்தது. அண்ணன் மகள் தினமும் பூந்தட்டையை எண்ணிவிட்டு, “அத்தை, அடுப்பு நெசமாவே நானே மூட்டலாமா?” என்று கேட்பாள். பார்ப்போம் என்பேன். பொங்கல் கழிந்த மறுநாள் மறுபடியும் கேட்டாள். அம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“முடியாதுன்னு சொல்லேன் பிள்ளைகிட்ட. எதுக்கு ஆசை காட்டுத?” என்றாள்.

“சித்தி கோடு போட்டிருந்தாம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, அத்தனை வருசம்.”

“ஆகலயா? உன் கை?”

“நான் கோட்டைத் தாண்டுனேன். பானை பொங்கலன்னு மேல தண்ணி ஊத்தப் போனேன். சித்தி இறக்கச் சொல்லல. அவ அந்தப் பக்கம் ஆறாவது பானையை இறக்கிட்டு இருந்தா.”

கத்தரி நின்றது. அம்மா மடியிலிருந்த இலைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

“அவளே சொன்னாளேட்டி. அவ வாயால சொன்னா.”

“ஆமா.”

“வேற யாரு சொல்லியிருந்தாலும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். அவ பொய் சொல்ல மாட்டான்னுதான நம்புனேன்.”

அதற்குமேல் அம்மாவால் முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, ஒரு பூந்தட்டையை எடுத்து வந்து பாட்டியின் மடியில் வைத்தாள்.

மறுநாள் விடியும்முன் நான் எழுந்தபோது அம்மா முற்றத்தில் மூன்று செங்கல்லை வைத்திருந்தாள். பக்கத்தில் வெல்லம், களைந்த அரிசி, என் பழைய சின்னப் பானை.

“அவளத் தேடிப் போ. வெறுங்கையோட போகாத. நீயே வை. நான் கை வைக்க மாட்டேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “நாங் கூப்பிட்டேன்னு சொல்லு. வருவாளான்னு தெரியல. சொல்லு” என்றாள்.

அடுப்பைச் சுற்றி அரிசிமாவால் வட்டம் போட்டேன். வெளியே உட்கார்ந்து மட்டையைத் தள்ளினேன். பனியில் தீ சிணுங்கியது. காத்திருந்தேன். கிழக்கே வெளுத்து வரும்போது பானை தானாகப் பொங்கியது. வீட்டுக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு சின்னக் குலவை கேட்டது.

வள்ளியூரில் பஸ் மாறிவிட்டேன். இரண்டு பக்கமும் பனைகள், அதற்கு அப்பால் காற்றாலைகள் தூக்கத்தில் கை அசைப்பதுபோல் சுற்றுகின்றன. மடியில் துணி சுற்றிய பானை இன்னும் சூடாக இருக்கிறது. ராதாபுரத்துக்கு அடுத்த ஊர், சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது வீடு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். கண்டக்டர் அங்கே நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு வெல்லம் போதுமா, அரிசி வெந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ருசி பார்க்கவில்லை.